ஹார்டி அம்மாவுக்கு ஒரு முகம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவில் நடந்த கூத்துக்கு என் மைனி சத்தியபாய்தான் காரணம் என்று ஊரில் இன்னும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட! காரணம் நான். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ‘யோசிச்சுப் பேசு, யோசிச்சுப் பேசு’ என்று அதட்டிய இந்த ஜாஸ்பின் டீச்சர்தான்.

மைனி என்றால் என் அண்ணன் செல்வதாசின் மனைவி. அண்ணன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தக்கலையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் வரும் ஊர் எங்களுடையது. அவள் வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டு. நடுவில் ஒரு பலாமரம் நிற்கிறது. மைனிக்கு அறுபத்தொரு வயது. பதினாலு வயதில் அண்டி ஆபீசுக்குப் போனவள், ஐம்பத்தெட்டில்தான் நின்றாள். எங்கள் பக்கம் முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையை அண்டி ஆபீஸ் என்போம். முதலில் தொலி உரித்தாள். கடைசி முப்பத்தைந்து வருஷம் தரம் பிரிக்கும் மேசையில் இருந்தாள். நல்ல வெள்ளை, பழுப்பு தட்டின வெள்ளை, லேசாகத் தீப்பட்டது, நன்றாகத் தீப்பட்டது என்று மேசையில் கொட்டிய பருப்பை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே பருப்பு. அவளுக்கு அதில் பத்துப் பன்னிரண்டு நிறம் தெரியும்.

மூட்டு வலி வந்து வேலையை விட்ட பிறகு வீட்டில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. மகன் ஜெனின் மஸ்கட்டில் இருக்கிறான். மனைவி சுஜியையும் பிள்ளை பெபிஷாவையும் அவன் கூட்டிக்கொண்டு போனபோது, சுஜியின் பெட்டி ஒன்று அலமாரிக்கு மேலே தங்கிவிட்டது. கொரோனா காலத்தில் அவள் ஆன்லைனில் படம் வரையப் படிக்கிறேன் என்று வாங்கி, இரண்டு வாரத்தில் மூடி வைத்த எண்ணெய்ச் சாயப் பெட்டி. தூரப் போடட்டுமா என்று மைனி போனில் கேட்டிருக்கிறாள். “மாமி, நீங்களே வரைஞ்சு பாருங்க” என்று சுஜி விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். என் மைனிக்கு விளையாட்டுப் பேச்சு என்பதே விளங்காது. மறுநாளே பெட்டியை இறக்கி, தூசி தட்டி, வரைய உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பேத்தி பெபிஷாவின் போட்டோவைப் பார்த்து வரைந்தாள். வரைந்து முடித்து ஆசையாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றாயிருக்கு மைனி என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? நான் சொன்னது, “இது பிள்ளையா மைனி, பலாச்சுளையா?” அவளும் சிரித்தாள். அதோடு விட்டேனா? பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், நான்தானே அதற்குச் செயலாளர், முப்பது பேருக்கு நடுவில் அதையே திருப்பிச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைனி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பாடு, துணி, மழை என்று மட்டும் பேசுவோம். நானும் வீம்பு பிடித்து அவள் பின்னறைப் பக்கம் போகவில்லை. இப்படியே ஒன்றேகால் வருஷம் போயிற்று.

அந்த ஒன்றேகால் வருஷத்தில் அவள் என்ன செய்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

யூடியூபில் ஒரு மலையாளத்துக்காரர் எண்ணெய்ச் சாய வகுப்பு எடுக்கிறார். மைனிக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அண்டி ஆபீஸ் மேஸ்திரிகள் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தானே. அவர் சொன்னது இதுதான்: எடுத்த எடுப்பில் உங்கள் வீட்டு ஆளை வரையாதீர்கள், ஆளின் மேல் இருக்கும் பாசம் கண்ணை மறைக்கும். பழைய பெரிய கை ஒருவரின் படத்தை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி வரும்வரை திரும்பத் திரும்ப வரையுங்கள். அவர் எதை எங்கே வைத்தார், ஏன் வைத்தார் என்று அப்போதுதான் கை படிக்கும்.

அவர் காட்டிய ஏழெட்டுப் படங்களில் மைனி எடுத்தது ஒரு கிழவியின் படம். ஹாலந்து தேசத்து ரெம்ப்ராண்ட் என்பவர் 1634-ஆம் வருஷம் வரைந்தது. எண்பத்து மூன்று வயதுப் பாட்டி. தலையில் வெள்ளைக் குல்லா, கழுத்தைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு வெள்ளைத் துணி மடிப்பு, கறுப்பு உடுப்பு. கண் நம்மைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி எதையோ பார்க்கும். இத்தனை அழகான பெண்கள் படம் இருக்கையில் ஏன் இந்தக் கிழவி என்று பிற்பாடு கேட்டேன்.

“இவளுக்கக் கண்ணப் பாரு மக்கா. இமையெல்லாம் செவந்து கெடக்கு. அண்டி ஆபீசுல முப்பது வருசம் புகை கொண்ட கண்ணு மாதிரி இருக்கு. எனக்கு நம்ம ஆளுன்னு தோணிச்சு” என்றாள்.

தக்கலையில் ஹனீபாவின் ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கி வந்தாள். அதன்மேல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள், கான்வாசிலும் அதே கட்டம். முதல் தடவை மூக்கு ஒரு கட்டம் தள்ளிப் போயிற்று. இரண்டாம் தடவை முகத்தில் சுருக்கம் என்று கோடு கோடாக இழுத்து வைத்தாள். அது வாழையிலை காய்ந்த மாதிரி வந்தது. மூன்றாம் தடவை வெளிச்சம் வேண்டும் என்று எல்லா நிறத்திலும் வெள்ளையைக் கலந்ததில் பாட்டி பவுடர் அப்பின முகத்தோடு நின்றாள். மூன்றையும் சுரண்டிவிட்டு நாலாவது ஆரம்பித்தாள். ஆனி, ஆடி மழையில் சாயம் காயாது. கீழே இருக்கும் பூச்சு காயாமல் மேலே பூசினால் பின்னால் வெடிக்குமாம். பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று காத்திருப்பாள். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். கழுத்துத் துணியின் மடிப்பு மட்டும் ஏழு வாரம் பிடித்ததாம். அந்த இடம் அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை, ரொம்ப சந்தோஷமாக இருந்தது என்றாள். வெள்ளையைப் பிரிப்பதுதானே அவள் வேலை.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன்.

சபையின் நூற்றைம்பதாவது ஆண்டுக்குக் கமிட்டி பெரிய ஏற்பாடு செய்தது. எங்கள் ஊரில் முதல் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்தையும் லேஸ் பின்னும் வகுப்பையும் தொடங்கியது எலினார் ஹார்டி அம்மா, மிஷனரி ஹார்டி துரையின் மனைவி. காய்ச்சலில் இங்கேயே இறந்தார். கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. துரையின் படம் சபையில் தொங்குகிறது, அம்மாவுக்குப் படமே கிடையாது. அம்மாவின் படத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பெண்கள் சங்கத்தின் தலையில், அதாவது என் தலையில் விழுந்தது. இங்கிலாந்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் வந்தது, படம் வரவில்லை. ‘யார் வீட்டிலாவது ஹார்டி அம்மாவின் படம் இருந்தால் கொண்டுவரவும்’ என்று நாலு ஞாயிறு ஆராதனையில் அறிவித்தோம். ஒருத்தரும் வரவில்லை. கமிட்டிச் செயலர் கிளீட்டஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “டீச்சர், அம்மா வந்தாவளா?” என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விழாவுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. ஒருநாள் மத்தியானம் மைனி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், மழை சடசடவென்று வந்தது. கொடியில் அவள் துணி கிடந்தது. வாரி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் பின்னறைக்குள் போட ஓடினேன். அங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல், சுவரில் சாய்ந்து, ஹார்டி அம்மா உட்கார்ந்திருந்தார்கள்!

வெள்ளைக்கார முகம். வெள்ளைக் குல்லா. கழுத்தில் லேஸ். லேஸ் வகுப்பு தொடங்கின அம்மா வேறு எதைப் போட்டிருப்பார்கள்? எங்கேயோ ஒரு பழைய மிஷன் புத்தகத்தில் மைனிக்குப் படம் கிடைத்திருக்கிறது, அறிவிப்பைக் கேட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் சபைக்காக வரைந்துகொண்டிருக்கிறாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். ஹார்டி அம்மா இறந்தது முப்பத்தெட்டு வயதில் என்று கல்லறையில் கொட்டை எழுத்தில் வெட்டியிருக்கிறது. வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதை வாசிக்க வைத்தவள் நான். அந்த நேரத்தில் அது எங்கே போயிற்றோ! அந்த முகத்தைப் பார்த்தவுடன் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஈரத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன்.

அழுதவள் அழுதுவிட்டுப் போகக் கூடாதா? போனை எடுத்துப் படம் பிடித்து, சபை வாட்ஸாப் குழுவில் போட்டேன். ‘கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நம் ஹார்டி அம்மா கிடைத்துவிட்டார்கள். வரைந்தது என் மைனி திருமதி சத்தியபாய் செல்வதாஸ்.’ மைனி அரிசிப் பையோடு நனைந்து வந்து சேருவதற்குள் நூற்று நாற்பது ஆமென் விழுந்துவிட்டது.

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். “மைனி, அண்ணைக்கு நான் பேசினத மனசுல வச்சிராதிங்க. எனக்க நாக்கப் பொசுக்கணும். அம்மாவ அப்படியே கொண்டு வந்துட்டியளே!”

“எந்த அம்மாட்டி?” என்றாள் அவள்.

நான் எங்கே கேட்டேன்? அதற்குள் போதகர் போன் பண்ணிவிட்டார். மைனி கையில் கொடுத்தேன். “சத்தியபாய் அம்மா, எத்தன வருசமா நம்ம சபைக்குக் கொறையா இருந்தது! தேவன் உங்க கையத் தெரிஞ்சு எடுத்திருக்காரு” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மைனி போனைக் காதில் வைத்தபடி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. “ஐயரே...” என்றாள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். மேலே சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்று நாள் அந்த வீட்டில் ஆள் குறையவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் மைனியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது வருஷமாக அவளைக் கடைசி பெஞ்சில் பார்த்தவர்கள், பெயர்கூடத் தெரியாமல் ‘டீச்சருக்க மைனி’ என்று சொன்னவர்கள். அவளும் காப்பி போட்டுக் கொடுத்து, சேலையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றாள். முகத்தில் ஒரு வெட்கம், ஒரு வெளிச்சம். அண்ணன் கட்டிக்கொண்டு வந்த நாளில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. நாலாம் நாள் காலையில் என் அடுக்களைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, ரெம்ப்ராண்ட், ஹாலந்து, யூடியூப் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்தக் கெழவிக்குப் பேரு ஆக்யே. கிளாஸ்ன்னு ஒருத்தருக்க மவ. நான் அண்ணைக்கே சொல்லியிருக்கணும் ஜாஸ்பின். எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொல்லும்ப எனக்கு நாக்கு வரல்ல.”

கிளீட்டஸின் முகம்தான் முதலில் கண்முன்னே வந்தது. அப்புறம் அந்த நூற்று நாற்பது ஆமென். எனக்கு வந்த கோபத்தையெல்லாம் அவள் மேலேயே கொட்டினேன்.

“இப்ப வந்து சொல்லுதியளே! இதுக்கு மேல வாயத் தொறக்காண்டாம். ஹார்டி அம்மாவ இங்க யாரு பாத்தா? ஹாலந்துக் கெழவிய யாருக்குத் தெரியும்? அவளும் வெள்ளைக்காரி, இவளும் வெள்ளைக்காரி. சபைக்கு ஒரு படம் வேணும், உங்களுக்கு ஒரு பேரு வேணும். ரெண்டும் கெடச்சாச்சு. பேசாம இருங்க.”

“வயசு எண்பத்து மூணு மக்கா அவளுக்கு.”

“அம்மா ரொம்பப் பாடுபட்டு மூத்துப்போனாவன்னு நான் சொல்லிக்கிடுகேன்.”

சொன்னேன்! அப்படியே கமிட்டியில் சொன்னேன். காய்ச்சல், வெயில், ஊழியம் என்று நான் அடுக்கியதைக் கேட்டு ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹனீபாவின் கடையில் தேக்குச் சட்டம் போட்டு வந்தது. ‘எலினார் ஹார்டி அம்மையார்’ என்று பித்தளைத் தகடு வெட்டி வந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ‘ஓவியம்: சத்தியபாய்’. தகட்டைப் பார்த்த அன்று மைனி அதைக் கையில் வாங்கி, இரண்டு பெயரையும் மாறி மாறித் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தடவை என்னிடம் வந்தாள். “ஐயரிட்ட மட்டும் சொல்லட்டா?” என்று கேட்டாள். இரண்டு தடவையும் நான் எரிந்து விழுந்தேன். உங்களுக்காகத்தானே இத்தனையும் என்றேன். பச்சைப் பொய். எனக்காகத்தான்.

எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை என்றால் சாட்சி உண்டு. தேவன் நமக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. சண்டைக்காரர்கள்கூட அந்த இடத்தில் நின்றால் சுருதி இறங்கிவிடுவார்கள். அங்கே பொய் சொன்னவர்கள் என்று எங்கள் ஊரில் கேள்விப்பட்டதில்லை. படத்தைத் திறந்தவுடன் சத்தியபாய் அம்மா சாட்சி சொல்லட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். மைனிக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதில் என்ன எழுதினேன் என்று சொல்ல இப்போதும் உடம்பு கூசுகிறது. ‘ஒருநாள் விடியற்காலையில் ஹார்டி அம்மா என் சொப்பனத்தில் வந்து, மகளே என் முகத்தை எழுது என்றார்கள்.’ டீச்சர் அல்லவா, கட்டுரை எழுத வராமல் போகுமா!

விழா அன்று சபை நிறைந்து வழிந்தது. வெளியே பந்தலில் அசனத்துக்கு அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அசனம் என்பது சபையாரெல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் ஜெபத்துக்கு நடுவே உள்ளே வந்தது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் படத்தை மாட்டி, நீலத் துணியால் மூடியிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பெரிய ஐயர் ஜெபம் பண்ணித் துணியை இழுத்தார். சபை முழுக்க ‘ஆ’ என்று ஒரு சத்தம் எழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, அத்தனை பேரையும் வாயடைக்க வைக்கிற முகம்தான் அது.

மைனி எழுந்து மைக்குக்கு முன்னால் போனாள். நான் எழுதிய தாள் அவள் கையில் நாலாக மடிந்திருந்தது. நான் முதல் வரிசை. தொண்டையைச் செருமினாள். பிறகு தாளைப் பிரிக்காமலே பேச ஆரம்பித்தாள்.

“ஸ்தோத்திரம். எனக்க பதினாலு வயசுல அண்டி ஆபீசுக்குப் போனேன். வயசு பத்தாது. அதுனால எனக்க அக்கா ராஜபாய்க்கப் பேருல சேத்து விட்டாவ. பதினொரு வருசம் மேஸ்திரி ‘ராஜபாய்’ன்னு கூப்பிடும்ப நான் ஆஜர் சொன்னேன். ஒருநாள் மொதலாளி வந்து நான் பிரிச்ச பருப்பக் கையில அள்ளிப் பாத்தாரு. ‘ராஜபாய்க்கு நல்ல கண்ணு’ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாரு. நான் அவருக்க முன்னாலதான் நின்னேன். அந்த ஒரு நல்ல வார்த்தை எனக்க அக்காவுக்குப் போச்சு. அண்ணைக்கு வீட்டுக்குப் போயி நான் கரைஞ்சு அழுதேன்.”

மைனி திரும்பிப் படத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

“இந்தப் படத்துல இருக்கது ஹார்டி அம்மா இல்ல. இவிய பேரு ஆக்யே. ஹாலந்துல இருந்தாவ. முந்நூத்தித் தொண்ணூறு வருசத்துக்கு முந்தி, ரெம்ப்ராண்ட்ன்னு ஒருத்தரு இவியள வரைஞ்சாரு. நான் படம் படிக்கதுக்கு அதப் பாத்து வரைஞ்சேன். அவ்வளவுதான். எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொன்னிய. எனக்கு ஆசையா இருந்துச்சு, அதுனால சொல்லாம இருந்துட்டேன். தப்பு எனக்கது. எண்பத்து மூணு வருசம் பாடுபட்டு அந்தம்மா சேத்து வச்ச மொகம் இது. இத எடுத்து வேற பேருக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஹார்டி அம்மா மொகம் நமக்குத் தெரியாது. தெரியாத மொகத்துக்கு இன்னொருத்திக்க மொகத்த வைக்காண்டாம். அவிய பேர மட்டும் அங்க எழுதி வைங்க. என்னை மன்னிக்கணும்.”

என் பெயரை அவள் எடுக்கவே இல்லை. வாட்ஸாப், கமிட்டி, சொப்பனம், ஒன்றையும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. “சபைய ஏமாத்திட்டாளே” என்று ஒரு குரல் கேட்டது. கிளீட்டஸ் முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டார். மைனி தலையைக் குனிந்துகொண்டு மைக்குக்கு முன்னாலேயே நின்றாள், அடிபடக் காத்திருக்கிற பிள்ளை போல.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. எழுந்துவிட்டேன். “ஏமாத்தினது அவிய இல்ல, நான்” என்றேன். மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரை போகும். துணி வாரப் போன மழையிலிருந்து சொப்பனம் எழுதின தாள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தெட்டு வயதில் செத்த அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது முகத்தை நான் சிபாரிசு பண்ணின இடத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும்.

போதகர் நல்ல மனுஷர். உண்மைக்காக ஸ்தோத்திரம் என்று ஒரு ஜெபம் செய்து, பாட்டுப் பாட வைத்து, ஆராதனையை முடித்தார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். பித்தளைத் தகட்டைத் திருப்புளி கொண்டு கழற்றினார்கள். அம்மாவின் பெயரை மட்டும் கல்லில் வெட்டி வைப்பது என்று பிறகு கமிட்டியில் தீர்மானமாயிற்று. அந்தக் கல்லும் இப்போது கல்வேலைக்குப் பேர்போன மயிலாடியிலிருந்து வந்துவிட்டது. அம்மாவின் பேர் கெட்டுப்போகவில்லை, படம்தான் கெட்டுப்போயிற்று. விழா அன்று, பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் அதைப் பார்த்து ‘ஆ’ என்றவர்கள், அது யாரோ ஒரு ஹாலந்துக்காரி என்றதும், தாண்டித் தாண்டி அசனப் பந்திக்குப் போனார்கள். முகப்பு வராந்தாவில் பெஞ்சின் மேல் சாத்தி வைத்திருந்த படத்தை ஒருத்தர்கூட நின்று பார்க்கவில்லை. சிலர் மைனியிடம், “நல்லதாச்சு, உண்மையச் சொன்னிய” என்றார்கள். அவள் தலையாட்டினாள். முந்தின மாதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாதவர்கள்தான். அன்றைக்கு ஒருத்தரும் கையைத் தொடவில்லை.

வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். மைனி சேலைத் தலைப்பால் சட்டத்தின் தூசியைத் துடைத்தாள். “பந்திக்குப் போ ஜாஸ்பின், கறி தீந்துரும்” என்றாள். “ஆட்டோ கெடச்சா நான் இதக் கொண்டு வீட்டுல வச்சுருவேன்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தேன். அந்த மூன்று நாளின் வெளிச்சம் இல்லை. அவளைப் பார்க்க முடியாமல் படத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அதுவரைக்கும் நான் ஹார்டி அம்மாவைத்தான் பார்த்திருக்கிறேன். என் பொய்யைப் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்ததே இல்லை. கன்னத்தில் தோல் மெலிந்து உள்ளே ரத்தம் ஓடுவது தெரிந்தது. வலது பக்கம் வெளிச்சம் விழுந்த இடத்தில் சாயம் தடித்து நின்றது, நிழலில் கான்வாசின் நூல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருந்தது. கழுத்துத் துணியில் ஒரு மடிப்பு போல இன்னொரு மடிப்பு இல்லை. இதையெல்லாம் அண்டி ஆபீசில் தேய்ந்த இந்த விரல்கள் ஒவ்வொன்றாக வைத்திருக்கின்றன. ஒன்றேகால் வருஷம், பலாமரத்துக்கு அந்தப் பக்கம், தனியாக. நான் கூட்டத்தில் சிரித்த சிரிப்புக்குப் பிறகு.

பெஞ்சில் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மைனி, கண்ணுக்கு அடியில இந்தச் செவப்ப எப்படிக் கொண்டு வந்திய?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கேலி பேசுகிறேனா என்று பார்த்திருப்பாள். எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் ஆமென் சொன்னார்கள்! அது எப்படி வந்தது என்று அவளிடம் ஒருத்தர் கேட்டதில்லை. நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“நெசமாத்தான் கேக்கியா?” என்றாள்.

“நெசமாத்தான் மைனி.”

அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் மூட்டை நீவிக்கொண்டு, கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு சுண்டுவிரலை அந்த இமைக்குப் பக்கத்தில், படாமல், கொண்டுபோனாள்.

“அது வெறும் செவப்பு இல்ல மக்கா. அடியில பச்ச இருக்கு. முதல்ல எனக்கும் தெரியல்ல, செவப்பு செவப்பா வச்சு வச்சுப் புண்ணு மாதிரி ஆக்கிட்டேன். அப்புறம் ஒருநாள்...” என்று ஆரம்பித்தாள்.

பந்தலிலிருந்து கிளீட்டஸ் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், கடைசிப் பந்தி என்று. நாங்கள் போகவில்லை. மைனி இன்னும் குல்லாவுக்கே வந்து சேரவில்லை.